கையால் விட்ட மூச்சு

மூச்சு விடுவது தானாக நடக்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தானாகத்தான் நடக்கிறது, நடக்கிற வரைக்கும். நின்றுபோனால் அதை இன்னொரு ஆள் கையால் செய்ய வேண்டும். நான் செய்திருக்கிறேன். அதில் தெய்வீகம் ஒன்றும் கிடையாது. கை வலிக்கும், இடுப்பு வலிக்கும், ஒன்றுக்கு முட்டும், சுற்றி நிற்கிற கூட்டம் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஒரு டாக்டர், நான், ஒரு ஆயா. ஆறு கட்டில். அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தது. சளியையும் எச்சிலையும் உறிஞ்ச, காலால் மிதிக்கிற கருவி ஒன்று இருந்தது. பிறகு அந்த ரப்பர் பை. கறுப்பாக, புளியங்குடி எலுமிச்சையைப் பத்து மடங்கு ஊத வைத்ததுபோல இருக்கும். ஒரு முனையில் வால்வு. அமுக்கினால் காற்று நோயாளிக்குள் போகும், விட்டால் அவர் விடுகிற காற்று வால்வு வழியாக வெளியே போய்விடும், பை வெளிக்காற்றை இழுத்து மறுபடி உப்பிக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். மற்ற சாமர்த்தியம் எல்லாம் அமுக்குகிற ஆளிடம் இருக்க வேண்டும்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததில் அந்தப் பையை நான் நிறைய அமுக்கியிருந்தேன். இங்கே டாக்டர் அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருந்தார். தூசி பட்டால் ரப்பர் வெடித்துவிடுமாம். மூச்சு நின்ற ஆள் இவர் சாவி தேடுகிற வரைக்கும் காத்திருப்பானா என்று கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் காலை எட்டு மணிக்கு ஒரு கார் வந்து வாசலில் முட்டாத குறையாக நின்றது. திருவேங்கடம் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம். நாற்பத்தைந்து வயது சம்சாரி. அடுப்பெரிக்கப் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச்செடிக் குச்சி, உருவப் போனவரை அடுக்குக்குள் கிடந்த நல்லபாம்பு காலில் போட்டுவிட்டது. கூட அவர் மனைவியும், மனைவியின் தம்பியும், எங்கிருந்து ஏறினார்கள் என்று தெரியாத இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். தம்பி சங்கரன்கோவிலிலேயே கைத்தறி நெய்கிறவர். விஷயம் கேள்விப்பட்டு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்திருக்கிறார். அது வரைக்கும் நல்ல காரியம்.

நோயாளியைக் கட்டிலில் கிடத்தினோம். கண் இமை இரண்டும் பாதி இறங்கிவிட்டது. "பேரு என்ன?" என்றால் மூக்கால் ஏதோ முனகினார். கடைவாயில் எச்சில் ஒழுகியது, பழுப்பாக. வாயைத் திறந்து விரலை விட்டேன். மண்.

"இது என்னத்த போட்டிய வாய்ல?"

"புத்துமண்ணு நர்ஸம்மா. வார வழியில கோயில்ல எறங்கி வாங்குனோம். தண்ணியில கரைச்சுக் குடுத்தோம்" என்றார் மைத்துனர், பெருமையாக.

"கடிச்ச எடத்துல பூசுங்க, நெத்தியில பூசுங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். முழுங்க முடியாத மனுசனுக்கு வாயில ஊத்துனா அது எங்க போவும்? ஒரேயடியா மண்ணுக்குள்ள அனுப்புததுக்கு முந்தி ஒத்திகை பாத்தியளோ?"

"அப்பிடி வாய் வைக்காதிய நர்ஸம்மா, சாமி விஷயம்."

"சாமிக்கு மூச்சுக்குழாய் எங்க இருக்குன்னு தெரியும். ஒமக்குத்தான் தெரியல. தள்ளி நில்லும்."

நல்லபாம்பின் விஷம் செய்வது இதுதான்: தசை ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். முதலில் இமை, பிறகு தொண்டை, பிறகு கழுத்து, கடைசியில் நெஞ்சு. ஆள் உள்ளே முழுசாக இருப்பார். மூளைக்கு ஒன்றும் ஆகாது, காது கேட்கும். ஒரு விரலை அசைக்க முடியாது. தொண்டை கழன்ற நேரத்தில் மண்ணைக் கரைத்து ஊற்றினால் பாதி நுரையீரலுக்குத்தான் போகும். காலால் கருவியை மிதித்து மிதித்து, குழாயை வாய்க்குள் விட்டு உறிஞ்சினேன். பாட்டிலில் சேறு இறங்கியது. அவர் நெஞ்சு மேலும் கீழும் போவது குறைந்துகொண்டே வந்தது. தலையைத் தூக்கச் சொன்னேன். தலை பனம்பழம்போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

டாக்டர் வந்தார். இந்த முறை சாவி உடனே கிடைத்தது. தொண்டைக்குள் குழாய் போட்டார், நான் பையை மாட்டி ஓர் அமுக்கு அமுக்கினேன். வயிற்றில் களகளவென்று சத்தம்.

"வயிறு சார்."

"நெஞ்சுதான். நல்லா பாருங்க சிஸ்டர்."

"நல்லா பாத்துட்டேன். வயிறு. எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க."

முறைத்துக்கொண்டே எடுத்தார். இரண்டாவது முறை சரியாகப் போனது. நெஞ்சின் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன், ஒரே மாதிரி காற்று. அவரும் கேட்டுவிட்டு, தான் முதலிலேயே சொன்னதுபோலத் தலையாட்டினார். இதற்கெல்லாம் வாய் திறந்து பிரயோஜனம் இல்லை. விஷமுறிவு மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றத் தொடங்கினோம். தசையைத் தட்டி எழுப்புகிற ஊசியும் போட்டார். இனி வேலை ஒன்றுதான். மருந்து விஷத்தை விரட்டுகிற வரைக்கும் யாராவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்று யாருக்கும் தெரியாது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகலாமா என்று டாக்டர் யோசித்தார். அந்த ரோட்டில் கார் ஒரு குலுக்குக் குலுக்கினால் குழாய் நழுவும், நழுவினால் கோவில்பட்டி ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும் என்றேன். இங்கேயே பார்ப்போம் என்றார்.

ஒன்பதரை மணிக்கு ஆளைப் பார்த்தால் பிணம்தான். இமை மூடிவிட்டது. விரலால் திறந்தால் கண்ணின் பாப்பா அகன்று நிலைகுத்தி நின்றது. கிள்ளினால் அசைவில்லை. வாசலில் நின்றவர்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள். மைத்துனர் உள்ளே வந்தார்.

"நர்ஸம்மா, முடிஞ்சு போச்சுன்னா சொல்லிருங்க. ஊருக்குக் கொண்டு போயிருதோம். உசுரு இருக்கப்பயே வீடு போய்ச் சேரணும்லா. ஆஸ்பத்திரியில உசுரு போனா வீட்டுக்குள்ள விட மாட்டாவ."

"உசுரு இருக்குன்னும் சொல்லுதீரு, முடிஞ்சு போச்சுன்னும் சொல்லுதீரு. எது?"

"நீங்க அமுக்குததுனாலதான அந்த நெஞ்சு ஆடுது? நிறுத்துனா?"

"நிறுத்துனா அஞ்சு நிமிசம். அப்புறம் தாராளமாக் கொண்டு போவலாம்."

இதை நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவருக்குக் கேட்கும் என்று தெரிந்தே வாய்விட்டது. கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

மனைவி சுவரோரம் நின்றாள். ஒல்லியான உடம்பு, வெயிலில் காய்ந்த முகம். அவளை இழுத்து வந்து இரண்டு விரலைப் பிடித்துக் கணவன் கழுத்தில் வைத்தேன்.

"துடிக்குதா?"

"துடிக்கு."

"நான் அமுக்குதது காத்து. இது நான் அடிக்குத அடி இல்ல. இது அவரு சொந்தத்துல அடிக்குதது. இப்ப நீ சொல்லு, கொண்டு போறியா?"

அவள் விரலை எடுக்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "நீ வேணா வீட்டுக்குப் போ."

பதினொரு மணிக்கு என் கை மரத்துவிட்டது. ஆயா கொஞ்ச நேரம் அமுக்கினாள், அவளுக்கும் முடியவில்லை. டாக்டருக்கு வெளியே வரிசையில் நோயாளிகள். நிற்கிற ஆளைப் பழக்குவது தவிர வழியில்லை. மைத்துனர் முன்னால் வந்தார். "பொம்பளக் கை தாங்காது. நான் இருக்கேன். பகல் பூராத் தறிக்கயிறு இழுக்குத கை இது" என்று முழங்கையைக் காட்டினார். நெஞ்சு ஏறுகிற அளவு அமுக்கு, பிறகு விடு என்று காட்டினேன். நாலு தடவை என் முன்னால் ஒழுங்காகச் செய்தார். நர்ஸுக்கும் மூத்திரம் வரும். போனேன். வருகிற வழியில் ஒரு டீயும் குடித்தேன். பத்து நிமிஷம்.

திரும்பி வந்தால் கட்டிலைச் சுற்றி ஆட்கள், விளையாட்டு பார்க்கிற மாதிரி. மைத்துனர் தறியில் உட்கார்ந்த வாக்கில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு அமுக்குகிறார். டக்கு டக்கு டக்கு டக்கு. முகத்தில் வேர்வை. "போடுங்க மாமா, விட்டுராதிய!" என்று ஒருவன் ஏற்றிவிடுகிறான். நெசவாளி கைக்கு ஒரு தாளம்தான் தெரியும். கயிறு இழுத்தால் நூலோடு ஓடம் தறிக்குக் குறுக்கே போக வேண்டும், ஓடம் போனால் மறுபடி இழுக்க வேண்டும், நடுவில் நின்றால் கூலி போச்சு. அந்தக் கையிடம் நான் ரப்பர் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

நோயாளியின் நெஞ்சைப் பார்த்தேன். ஏறிய நெஞ்சு இறங்கவே இல்லை. மத்தளம்போல விம்மி நிற்கிறது. கழுத்து நரம்பு விரல் தண்டிக்குப் புடைத்திருந்தது. உதடு சாம்பல். நாடியைத் தேடினேன், நூல்போல ஓடியது, பிறகு அதுவும் இல்லை. ஆயா சத்தம் போட்டதில் டாக்டர் ஓடி வந்து நெஞ்சை அமுக்கக் கையை வைத்தார்.

"தொடாதிய சார்!" என்று கத்திவிட்டு, பையைக் குழாயிலிருந்து பிடுங்கினேன்.

கூட்டம் அலறியது. "ஐயையோ, மூச்ச நிறுத்திட்டா!" மைத்துனர் என் கையிலிருந்து பையைப் பிடுங்க வந்தார். அவர் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டேன். குழாயிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அப்படி. வந்துகொண்டே இருந்தது. இரண்டு விலாவிலும் கையை வைத்து மெல்ல அழுத்தினேன். இன்னும் வந்தது. நெஞ்சு இறங்கி ஒரு மனிதனுடைய நெஞ்சாக ஆனது. கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. பையை மாட்டி நிதானமாக ஒன்று அமுக்கினேன், விட்டேன், முழுசாகக் காற்று வெளியே போகும்வரை காத்திருந்தேன்.

உள்ளே போன காற்று வெளியே வர நேரம் கொடுக்காமல் அடுத்ததைத் திணித்தால், அது ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டு இதயத்தையே நெரிக்கும். ரத்தம் இதயத்துக்குத் திரும்ப இடம் இருக்காது. மூச்சு கொடுத்தே ஆளைக் கொல்லலாம். அது அங்கே யாருக்கும் தெரியாது. வேகமாக அமுக்கினால் வேகமாகப் பிழைப்பார் என்று நினைத்தார்கள்.

"ஏலே, கூலிக்கா நெய்யுதே? மனுசன் நெஞ்சுலே இது!"

"நல்லதுக்குத்தான செஞ்சேன்" என்றார் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு. குரல் உடைந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. அப்போது அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பாதித் தப்பு என்னுடையது. நெஞ்சு ஏற வேண்டும் என்று சொன்னேன், இறங்கும்வரை பொறு என்று அழுத்திச் சொல்லவில்லை. எனக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. மூச்சு தானாக நடக்கிறது என்று நினைப்பவர்களில் நானும் ஒருத்திதான் போல.

கூட்டத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மனைவியைக் கட்டிலின் தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார வைத்துப் பையைக் கையில் கொடுத்தேன்.

"எண்ணத் தெரியுமா?"

"தெரியும். ஆனா மறந்துருவேன்."

"எண்ணாண்டாம். நீ மூச்ச இழுக்கும்போது அமுக்கு. நீ விடும்போது கைய விடு. ஒனக்கு என்ன வேகமோ அதே வேகம்."

இது எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த நேரத்துக்குத் தோன்றியது. நன்றாகவே வேலை செய்தது, ஒரு பத்து நிமிஷம். பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. விம்மல் வந்ததும் கை விம்மியது, அங்கே அவர் நெஞ்சும் விக்கி விக்கி எழும்பியது. இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறார்கள், அதில் ஒருவர் பிணம்போலக் கிடக்கிறார். இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, நீ அழுதா அவரும் அழுவாரு. நிறுத்து."

"வருதே, என்ன செய்ய?"

"வேற எதாவது செய். அவரத் திட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். "இவியளுக்குக் கேக்குமா?"

"எல்லாம் கேக்கும்."

"பதிலு பேச முடியாதுல்லா?"

"ஒரு சொல்லு பேச முடியாது."

அவள் ஸ்டூலில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அமுக்கும்போது மூச்சை இழுத்தாள், விடும்போது திட்டினாள். ஒரு மூச்சுக்கு ஒரு வரி.

"உப்பு கூடிப்போச்சுன்னு தட்ட எறிஞ்சீரே."

அமுக்கு.

"எங்க அய்யா செத்ததுக்கு ஒருநாள்தான் விட்டீரு."

அமுக்கு.

"பருத்திமாரக் கம்பால தட்டிட்டு எடும்னு எத்தன தடவ சொன்னேன்."

அமுக்கு.

"எம் பேச்ச என்னைக்குக் கேட்டீரு."

அவ்வளவு சீரான மூச்சை நான் தியேட்டரில்கூடப் பார்த்ததில்லை. கால் மணிக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், நக நிறம் பார்த்துச் சீட்டில் எழுதினேன். நகம் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. நடுவில் குழாயில் எச்சில் அடைத்து அமுக்குவதற்குக் கடினமாக இருந்தது. "பை மொரண்டு பிடிக்கு" என்று அவளே சொன்னாள். கழற்றி, உறிஞ்சி எடுத்து மாட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியில் மெஷின் அதற்கு மணி அடிக்கும். இங்கே அவள் கைதான் மணி. அவர் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. இந்தக் கடியில் இமைக்க முடியாத கண் தானாகவும் வழியும். துடைத்துவிட்டு ஈரப் பஞ்சு வைத்தேன். அதற்கு மேல் அதில் அர்த்தம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

மதியச் சாப்பாடு வந்தது. அவள் சாப்பிட மாட்டேன் என்றாள். நான் பையை வாங்கிக்கொண்டு, தின்னாவிட்டால் திருப்பித் தர மாட்டேன் என்றேன். ஐந்து நிமிஷத்தில் தின்று முடித்துவிட்டு வந்து கையை நீட்டினாள். இரண்டாவது ஊசி போட்டோம். மைத்துனர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். பிடித்துத் தள்ளியும் போகவில்லை.

மூன்றரை மணி இருக்கும். திட்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

"நர்ஸம்மா, எங் கையில இருந்து யாரோ பிடுங்குத மாதிரி இருக்கு."

"கை மரத்திருக்கும்."

"மரத்தது வேற, இது வேற. நான் அமுக்குததுக்கு முந்தியே உள்ள இழுக்கு."

பையை வாங்கினேன். அமுக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ரப்பர் துளியூண்டு அசைந்தது. தூண்டிலில் கெண்டைக்குஞ்சு வாயை வைத்தால் இருக்குமே, அவ்வளவுதான். வால்வு பக்கம் பஞ்சு இழையைப் பிடித்தேன். நான் அமுக்காமலே இழை ஆடியது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்ததும் குழாயை எடுத்துவிடலாம் என்று பறந்தார்.

"தலையத் தூக்கட்டும் சார். அஞ்சு எண்ணுத வரைக்கும் தலையணையில இருந்து தூக்கி வச்சாருன்னா எடுங்க. இழுக்குதது கொழந்த மூச்சு, ஆளுக்குப் பத்தாது."

இந்த முறை அவர் முறைக்கவில்லை. புருஷன் இழுக்கும்போது சேர்த்து அமுக்கு, எதிர்த்து அமுக்காதே என்று அவளுக்குச் சொன்னேன். அதுதான் கஷ்டம். அவ்வளவு நேரம் அவள் மூச்சை அவர் விட்டார். இனி அவர் மூச்சுக்கு இவள் காத்திருக்க வேண்டும். முதலில் சண்டைதான் நடந்தது. இவள் அமுக்க, அவர் இரும முடியாமல் முக்க, பை இரண்டு பக்கமும் இழுபட்டது. "விட்டுக் குடு ஏட்டி" என்றேன். "இருவது வருசமா அதத்தான செய்யுதேன்" என்றாள். ஆனாலும் விட்டுக் கொடுத்தாள்.

ஐந்து மணிக்கு, ஒரு நிமிஷம் பையைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அவள் தர மாட்டேன் என்றாள். நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நான் குழாயிலிருந்து வால்வைக் கழற்றிவிட்டு, பை உன்னிடமே இருக்கட்டும் என்றேன். குழாய் வாயில் என் புறங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. பிறகு சூடாக ஒரு காற்று பட்டது. நெஞ்சு தானாக ஏறியது, கோணல்மாணலாக. இறங்கியது. இன்னொன்று. நகத்தைப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. டாக்டர் வாட்ச்சைப் பார்த்து நிற்கிறார். முழுசாக ஒரு நிமிஷம். இரண்டாவது நிமிஷத்தில் திரும்பினால் அவள் முகம் கறுத்துக் கண் பிதுங்கி இருக்கிறது. அவர் தனியாக மூச்சு விட ஆரம்பித்ததிலிருந்து இவள் விடவில்லை.

"நீ விடு ஏட்டி, மூச்ச விடு!" என்று முதுகில் ஓங்கி அறைந்தேன்.

மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சில், காலையிலிருந்து நான் நிறுத்தி வைத்த அழுகை மொத்தமும் வந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். ஜன்னலில் நின்ற தம்பி "போயிட்டீரே அத்தான்!" என்று கம்பியில் தலையை முட்டினார். வாசலில் காத்திருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். நான் வாசலுக்குப் போய், "ஆளு உசுரோட இருக்காரு, வாய மூடுங்க" என்று கத்தினேன். நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. நன்றாக ஆரம்பித்திருந்தார்கள்.

உள்ளே வந்தேன். அந்தச் சத்தத்தில் நோயாளியின் வலது இமை பாதி திறந்திருந்தது. கருவிழி மெல்ல நகர்ந்து, தலைமாட்டில் பையைக் கட்டிக்கொண்டு கதறுகிற மனைவியிடம் போய் நின்றது. நெற்றி சுருங்கியது. எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை. 'நெற்றித் தசை இயங்குகிறது, கண் இமை பாதி' என்று சீட்டில் எழுதி, பக்கத்தில் நேரம் போட்டேன்.